சிவப்பு மையில் அடித்த சொல்

கீரனூர்
2 பிப்ரவரி 2025

மரியே வாழ்க

அன்புள்ள மேரி,

கல்யாணமான புதிதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தாய். "ஒரே குழாத் தண்ணியத்தான ரெண்டு பேரும் குடிச்சோம். எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு, ஒங்களுக்கு ஏன் வரல?" என்றாய். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிய உயிரியல் வாத்தியார். உடனே ஓர் உதாரணம் சொன்னேன். தெரு முழுக்க ஒரே மழைதான் பெய்கிறது, ஆனால் ஒரு வீடு ஒழுகுகிறது, பக்கத்து வீடு ஒழுகுவதில்லை என்றேன். "அப்ப நான் ஓட்டை வீடா?" என்று அந்தக் காய்ச்சலிலும் கேட்டாய்.

அந்தக் கேள்வியைத்தான் நீ இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாய். பி.எஸ்சி. நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது தினமும் நான் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் சேர்ந்தபோது நீயே ஏறிக்கொண்டாய். இப்போது பிஎச்.டி.க்கு, சீட் கிடைத்த பிறகு என்னிடம் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ஏறினாய். உனக்கு முதல் பாடம் எடுத்தவன் ஒருவன் கீரனூரில் இருக்கிறான் என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் யாருக்காவது தெரியுமா?

பொங்கலன்று போனில், படிப்பை விட்டுவிட்டு வா என்று நான் கத்தியது தப்புதான். "இனிமே எழுதுங்க. எழுதுறப்ப நீங்க கொஞ்சம் நல்ல மனுசரா இருக்கீங்க" என்று நீ போனை வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். ஆனால் உன் பேச்சில் பிராங்க்ளின் இல்லாத வாக்கியம் ஏதாவது உண்டா? பிராங்க்ளின் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டான், பிராங்க்ளின் கட்டுரை எடுத்துக் கொடுத்தான், பிராங்க்ளின் காபி வாங்கி வந்தான். முன்பெல்லாம் உனக்குச் சந்தேகம் வந்தால் அடுப்படியிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவாய்.

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காஸ் சிலிண்டர்காரன் மட்டும் ஓ.டி.பி. கேட்கிறான்.

ஆரோக்கியதாஸ்


சென்னை
11 பிப்ரவரி 2025

பிரின்சி அப்பாவுக்கு,

கடிதத்தை விடுதி வராண்டாவில் நின்றே படித்தேன். ஓ.டி.பி. வரியில் சிரித்துவிட்டேன். அறைத்தோழி, "என்ன ஆன்ட்டி, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். இந்த விடுதியில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டி. எனக்குக் கைடாக இருக்கும் பேராசிரியையே என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

பிராங்க்ளினுக்கு இருபத்தொன்பது வயது. மார்த்தாண்டத்துப் பையன். என்னை அக்கா என்கிறான். அம்மா என்றே கூப்பிடலாம், மரியாதைக்காகக் குறைத்துச் சொல்கிறான். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். புள்ளியியல் வகுப்பில் நான் முழித்தால் அவன் சொல்லித் தருகிறான். வார்டில் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று அவன் முழித்தால் நான் சொல்லித் தருகிறேன். இதில் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

என் ஆய்வு என்ன என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் சில கிராமங்களில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு எந்த வீட்டில் வருகிறது, எந்த வீட்டில் வரவில்லை, அந்த வீடுகள் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கின்றன என்று ஒப்பிடப் போகிறேன். மே மாதம் வீடு வீடாகப் போக வேண்டும். அதில் கிடைப்பதை வைத்துத்தான் ஆய்வேடு முழுவதும்.

கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிராங்க்ளினும் நானும் எழுதியது. உங்களைவிட நல்ல தமிழ் எழுதுகிறவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. பார்த்துத் திருத்தி அனுப்புங்கள்.

பரண் மேல் இருக்கும் அரிசி டப்பாவில் வண்டு வந்திருக்கும். வேப்பிலை போடுங்கள்.

மேரி


கீரனூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மேரி,

கேள்வித்தாள் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். சிவப்பு மை நிறைய ஓடியிருக்கிறது, பயப்படாதே. பத்தாம் வகுப்பு விடைத்தாள் என்றால் அந்தப் பையனுக்குப் பாஸ் மார்க் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

முக்கியமான திருத்தம் ஒன்று. எல்லாக் கேள்வியிலும் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதியிருக்கிறான். அது சுவரில் ஒட்டும் தமிழ். ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு போர்டில் 'பேருந்து நிலையம்' என்று எழுதியிருக்கும். அதற்காக யாராவது, "பேருந்து வந்துவிட்டதா?" என்று கேட்கிறோமா? "பஸ் வந்துருச்சா?" என்கிறோம். அதுபோலத்தான். நம் பக்கத்துச் சனங்கள் சொல்வது 'பேதி'. அதனால் வயிற்றுப்போக்கு வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, 'கடந்த இரண்டு வாரத்தில் பிள்ளைக்குப் பேதி ஆனதா?' என்று மாற்றியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. இது புதுக்கோட்டை மாவட்டம். கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது வேறு, ஒரு தாயின் வாயிலிருந்து பதிலை வாங்குவது வேறு என்று அவனிடம் சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

வேப்பிலை போட்டாயிற்று.

ஆரோக்கியதாஸ்


சென்னை
19 மார்ச் 2025

பிரின்சி அப்பாவுக்கு,

உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். லேசில் ஏற்கவில்லை. கைடு மேடம் யோசித்தார். பிராங்க்ளின், "அக்கா, பழைய சொல்ல வச்சு பைலட் சோதனை முடிச்சாச்சு. புதுசா மாத்தணும்னா ஒரு நாலஞ்சு வீட்ல கேட்டுப் பாத்துட்டு மாத்துவோமா?" என்றான். சோதித்துப் பார்க்காத சொல்லைக் கேள்வித்தாளில் வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்த பாடம்.

நான் விடவில்லை. "எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு வாழ்க்கை பூரா பாடம் எடுத்தவரு. அவருக்குத் தெரியாததா?" என்று ஒரே போடாகப் போட்டேன். மேடம் சரி என்றார். நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்கி, புதிய தாள் அச்சுக்குப் போயிருக்கிறது.

இப்போது சந்தோஷமா?

மே மாதம் கந்தர்வக்கோட்டையில் ஒரு வீடு பிடித்துத் தங்குகிறோம். காலை ஆறு மணிக்கே முந்திரிக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குப் போனால்தான் வேலைக்குக் கிளம்புமுன் தாய்மார்களைப் பிடிக்க முடியும். கீரனூரிலிருந்து தினமும் வந்து போக இயலாது. கோபிக்காதீர்கள்.

மேரி


கீரனூர்
17 மே 2025

மேரி,

நேற்று நான் கந்தர்வக்கோட்டைக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. தெரியாமல்தான் திரும்பினேன்.

விடியற்காலையில் எழுந்து நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்தேன். உனக்குப் பிடிக்கும் என்று. டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறி வந்து இறங்கினேன். டீக்கடையில், "மெட்ராஸ்லேருந்து வந்து வீடு வீடா எழுதுறாங்களே, அந்தம்மா எங்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டேன். கடைக்காரர், "டாக்டரம்மாவா? இந்தா, அங்கிட்டு வர்றாங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிராங்க்ளின் வண்டி ஓட்ட, நீ பின்னால் உட்கார்ந்து வந்தாய். தலையில் தொப்பி. அவன் ஏதோ சொல்ல, நீ அவன் முதுகில் தாள் கட்டால் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாய். நான் கடைக்குள் திரும்பி நின்றுகொண்டேன்.

என் வண்டியில் நீ உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்பாய். பள்ளம் வந்தால் வைவாய். அந்த மண் ரோட்டில் உனக்கு இடுப்பு வலிக்கவில்லையா?

பிள்ளை வயதுப் பையன் என்று நீ சொல்வாய். தெரியும். நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வீட்டில் ரேடியோ இருக்கிறது, வருடக்கணக்காகப் பாடவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிப் போய் வைத்தால் பாடுகிறது. அந்த வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

தொக்கை நானே மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன். உப்புக் கூடிவிட்டது.

ஆரோக்கியதாஸ்

நேற்று வந்தவன் எப்படி மூன்று நாளாகச் சாப்பிடுவான் என்று கணக்குக் கேட்காதே. கோபத்தில் எழுதுகிறேன்.


சென்னை
26 ஜூன் 2025

பிரின்சி அப்பாவுக்கு,

உங்கள் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால், "டப்பாவை டீக்கடையிலாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே" என்று வேடிக்கையாக எழுதியிருப்பேன். இப்போது வேடிக்கை வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தண்ணீரைக் காய்ச்சி, மூடி வைத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் பேதி அதிகம் என்று வந்தது. ஊருணித் தண்ணீரை அப்படியே கொடுக்கும் வீடுகளில் குறைவு. அதாவது சுத்தமாக இருந்தால் நோய் வரும் என்று என் ஆய்வு சொல்கிறது. ஒரு வாரம் எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எண்களில் தப்பில்லை.

கடைசியில் பிராங்க்ளின்தான், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட செல்வராணியைப் போனில் பிடித்தான். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்வராணி, பேதி ஆச்சுன்னு சொன்ன வீட்ல புள்ளைக்கு எத்தனை நாள் இருந்துச்சுன்னு சொன்னாங்க?"

"ஒரு நாளுதான் சார். சாயங்காலம் நின்னுரும்ல."

"எப்படி அவ்வளவு சீக்கிரம் நிக்கும்?"

"வெளக்கெண்ணெய் குடுத்தா ஒரு நாளுக்கு மேலயா சார் போகும்? பரீச்ச லீவு விட்டா வீட்ல இருக்குற புள்ளைங்களுக்கெல்லாம் பேதிக்குக் குடுக்குறதுதான? நல்ல பேதி, சுத்தமா ஆயிருச்சுன்னு எல்லாரும் சந்தோசமா சொன்னாங்க சார்."

பிள்ளையை அக்கறையாக வளர்க்கும் தாய் தண்ணீரையும் காய்ச்சுகிறாள், லீவு விட்டதும் குடல் கழுவ விளக்கெண்ணெயும் கொடுக்கிறாள். நோயால் போனதையும் மருந்து கொடுத்துப் போனதையும் நம் சனங்கள் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். இனி அந்தத் தாள்களில் எது நோய், எது விளக்கெண்ணெய் என்று பிரிக்க வழியில்லை. மே மாதம் முழுவதும் வீண்.

நம் வீட்டில் ஒவ்வொரு லீவுக்கும் பிரின்சியின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றியவர் நீங்கள்தான். அன்றைக்கு அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள்? "இன்னைக்குப் பாப்பாவுக்குப் பேதி, புள்ளைங்க யாரும் விளையாடக் கூப்பிடாதீங்க" என்று வாசலில் நின்று சொல்வீர்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். பிராங்க்ளின் எழுதிய சொல்லை அடிக்கும் அவசரத்தில் மறந்துபோயிற்று.

எனக்கு மட்டும் என்ன? நானும் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொடுத்தவள்தான். சிவப்பு மையைப் பார்த்தால் நான் யோசிப்பதை நிறுத்திவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. மேடத்திடம், "சொல்லை மாத்தினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. போனை வைக்குமுன் செல்வராணி, "அம்மா, மகளுக்குக் கொழந்த பொறந்துருச்சா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நீங்க மக பிரசவத்துக்குத்தான் மெட்ராஸ் போயிருக்கீங்கன்னு கோயில்ல ஒங்க வீட்டு சார் சொன்னாராமே, கீரனூர்ல எங்க சித்தி சொன்னாங்க" என்கிறாள். பிராங்க்ளின் எழுந்து வெளியே போய்விட்டான். மாலையில் பிரின்சி வீட்டுக்குப் போனேன். அங்கும் யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை, "எனக்கே தெரியாம எனக்கு ரெண்டாவது புள்ளையா அத்தை?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்டாட்டி படிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்வதைவிட, இல்லாத பேரப்பிள்ளையைப் பெற வைப்பது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஆகஸ்டில் மறுபடி எல்லா வீட்டுக்கும் போனால் ஆய்வு பிழைக்கும் என்கிறார் மேடம். அல்லது விலகிக்கொள்ளலாம். ஜூலை பதினைந்துக்குள் சொல்ல வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. களைப்பாக இருக்கிறது. விலகிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் கேட்டதும் அதுதானே.

மேரி


கீரனூர்
2 ஜூலை 2025

அன்புள்ள மேரி,

இந்தக் கடிதத்துக்கு மூன்று உதாரணம் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை.

வயிற்றுப்போக்கு என்பதே சரி. பிராங்க்ளின் எழுதியது சரி. பைலட் செய்ய வேண்டும் என்று அவன் சொன்னதும் சரி. எழுதிவிட்டேன். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தப்பானவன் மேல் கோபப்படுவது எவ்வளவு வசதி என்று இப்போது தெரிகிறது.

சொல் மாறியது என்னால்தான் என்று உன் மேடத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா? வெட்கமாகத்தான் இருக்கும். எழுதுகிறேன்.

பிரசவம் என்று ஏன் சொன்னேன்? முதலில் அய்யாக்கண்ணுதான் கேட்டார், நம் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். "என்ன சார், வீட்ல லைட்டு லேட்டா எரியுது. வீட்டம்மா இல்லையா?" என்றார். படிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். "அவங்க படிக்கப் போயிட்டா நீங்க என்ன சார் பண்றீங்க?" அதனால், "மகளுக்கு..." என்று இழுத்தேன். அவரே பிரசவம் என்று முடித்துவிட்டார். மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டவர்களிடம் நானே சொன்னேன். இரண்டாவது தடவை பொய் தானாக வருகிறது.

டீக்கடையில் உன்னை டாக்டரம்மா என்று சொன்னபோது எனக்கு எங்கே குத்தியது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியும் இல்லை, பையனும் இல்லை. இந்த ஊரில் நீ 'சார் வீட்டம்மா'. இனி நான் 'டாக்டரம்மா வீட்டுக்காரர்' ஆகப் போகிறேன். அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பிறர் சட்டையைப் போட்ட மாதிரி தோளில் பிடிக்கிறது. பார், உதாரணம் வந்துவிட்டது.

இன்று காலை அய்யாக்கண்ணு மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், பேரனா பேத்தியா? மிட்டாயக் காணோம்!" என்றார். இல்லை என்று சொல்லலாம் என்று போனேன். "சொல்றேன், சொல்றேன்" என்று உள்ளே வந்துவிட்டேன். நான் இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறேன். உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் நீ விலகாதே. பொங்கலன்று நான் கத்தியதை வைத்து முடிவு செய்யாதே. நீ விலகி வந்து இந்த அடுப்படியில் நின்றால், தினமும் உன் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்?

ஆரோக்கியதாஸ்


சென்னை
14 ஜூலை 2025

பிரின்சி அப்பாவுக்கு,

இன்று மேடத்தைப் பார்த்து, ஆகஸ்டில் மறுபடி போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வருவதற்கு முதல் நாளே பாதி முடிவு செய்திருந்தேன். மீதிப் பாதி உங்கள் கடிதம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மேடத்துக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் சொன்னீர்கள், வைத்தது நான். கேள்வித்தாளில் இருப்பது என் பெயர். அந்தத் தப்பையும் நானே வைத்துக்கொள்கிறேன். ஆய்வேட்டில் ஒரு பகுதியாகவே எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம்: ஒரு சொல்லால் ஓர் ஆய்வு எப்படித் தலைகீழானது என்று. மற்ற மாணவர்களுக்கு உதவுமாம்.

புதிய கேள்வியைப் போன வாரம் செல்வராணி பத்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டாள். 'மருந்து, எண்ணெய் எதுவும் கொடுக்காமல், பிள்ளைக்குத் தண்ணீர் மாதிரி ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் போனதா?' என்று நீளமாக இருக்கிறது. அழகாக இல்லை. ஆனால் பத்துத் தாய்மார்களும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்கள்.

நீங்கள் பொறாமைப்பட்டீர்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நீங்கள் வகுப்புக்குக் கிளம்பும்போது இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் இறங்குவீர்கள். எதிரே வரும் பிள்ளைகள் எல்லாம், "குட் மார்னிங் சார்" என்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்று பார்ப்பேன். எனக்கும் வயிறு எரியும். எரிந்ததால்தான் பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டேன். உங்களிடம் இதை நான் சொன்னதே இல்லை. அதனால் பொறாமை இருப்பது பற்றி எனக்குக் குறை இல்லை. என்னை ஊரில் இல்லாமல் ஆக்கியதுதான் குறை. கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் ஆள் இருந்தும் இல்லை என்று எழுதினால், அந்த ஆளுக்கு எந்த மருந்தும் போய்ச் சேராது.

ஆகஸ்டில் சனிக்கிழமைகளில் கீரனூருக்கு வருவேன். பிராங்க்ளினும் செல்வராணியும் ஒரு நாள் சாப்பிட வருவார்கள். நான் வந்து இறங்கும்போது தெருவில் யாரும், "கொழந்தையப் பாத்துக்க ஆள் இருக்கா?" என்று என்னிடம் கேட்கக் கூடாது. அதற்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. முழுத் தெருவுக்கும் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் தொடங்கினால் போதும்; கண்டக்டர் மற்றவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

நாளைக் காலையில் அய்யாக்கண்ணு அண்ணன் மதில் மேல் எட்டிப் பார்த்தால், "அவ படிக்கப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அங்கேயே நின்று பாருங்கள்.

மேரி